அரளி அந்துப்பூச்சி சிறகு விரித்த இரவு

ஏழு மாத முயற்சிக்குப் பின், சென்ற செவ்வாய் இரவு, பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஓர் அரளி அந்துப்பூச்சி சிறகில் சுருக்கம் ஏதுமின்றி விரிந்து தொங்கியது. முந்தைய மூன்றும் சிறகு மடங்கி இறந்ததால் மகிழ்ச்சி அளவற்றது.

முதல் தவறு என் பழக்கத்தால் வந்தது. பட்டுப்புழு வளர்த்த குடும்பம் என்பதால், முதிர்ந்த புழுக்களைச் சந்திரிகை என்னும், பட்டுப்புழு கூடு கட்டும் மூங்கில் தட்டில் விட்டேன். பட்டுப்புழு அதில் ஏறி நூல் நூற்கும். தலைக்குப் பின்னே இரு நீலக் கண்பொட்டுகள் கொண்ட இந்தப் பச்சைப் புழுவோ, முதிர்ந்ததும் பழுப்பேறி, இரை மறுத்துத் தரையைத் தேடி இறங்குகிறது. சந்திரிகையில் இரவெல்லாம் அலைந்து சோர்ந்தவற்றைத் தட்டில் காய்ந்த சருகு பரப்பி அதில் விட்ட பிறகுதான், அவை சருகுகளைச் சில இழைகளால் பிணைத்து உள்ளே அடங்கின.

ஆனால் மெய்யான சிக்கல் கூட்டுப்புழுவுக்குப் பிந்தைய அரைமணி நேரம். வெளிவரும் பூச்சி உடனே மேலேறித் தொங்கி, உடலின் நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தியாக வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியின் வழவழப்பான சுவரில் கால் வழுக்கி விழுந்தவற்றின் சிறகுகள் விரியாமலே இறுகிவிட்டன. சாக்குத் துணி ஒட்டிப் பார்த்தேன். பிரிந்த சணல் இழையில் ஒரு பூச்சியின் கால் சிக்கிக்கொண்டது. கடைசியில், தருமபுரியில் பட்டு வளர்ப்புச் சாமான் விற்கும் கடையில், பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ புகாதிருக்க வளர்ப்பு மனைகளில் கட்டும் நைலான் வலையை வாங்கி, நான்கு சுவரிலும் தொய்வின்றி இழுத்துக் கட்டினேன். நகம் பற்ற அதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை.

விரிந்த சிறகு சுமார் பத்து சென்டிமீட்டர் அகலம்; பாசியும் ஆலிவும் கலந்த பச்சையில் வெண்மையும் இளஞ்சிவப்பும் ஓடும் பட்டைகள். 1758இல் ஸ்வீடன் இயற்கையாளர் லின்னேயஸ் விவரித்த இந்தப் பூச்சி (அறிவியல் பெயர் டாப்னிஸ் நெரி), ஆப்பிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழ்வது. கோடையில் ஐரோப்பா வரை பறந்து சென்றாலும், அங்குள்ள குளிர்காலத்தைத் தாங்காது. நம் பகுதியில் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் பூந்தோட்டங்களிலும் இதன் புழு தின்னும் அரளி நிறைந்திருக்கிறது. எனினும் புகை படிந்த இலையையும் மருந்தடித்த இலையையும் நான் பறிப்பதில்லை. புழு தின்னும் இன்னொரு செடியான, அண்டை வீட்டு நந்தியாவட்டையே போதுமானது. அரளிப் பால் நஞ்சு என்பதால், இலை தொட்ட கையைக் கழுவாமல் வேறெதையும் தொடுவதுமில்லை.

அடுத்து, எள் வயலில் கிடைக்கும் மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழுவை வளர்க்க எண்ணம். அது கூட்டுப்புழுவாக மாற ஆழ மண் கேட்கும். அதற்கு முன், தட்டில் இன்னும் இரு கூட்டுப்புழுக்கள் உள்ளன. அவற்றில் ஒன்றின் சிறகுப் பகுதி இன்று காலை கருத்திருக்கிறது; பூச்சி வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது. வலையை மறுபடியும் இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.