கேரவனில் வந்த ஆச்சி

வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தான் மே மாத விடுமுறைக்கு ஒரு திட்டத்தோடு வந்து இறங்கினார். ஓட்டுநரோடு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, கன்னியாகுமரி மாவட்டத்தில் வேளிமலை அடிவாரத்திலிருந்து பேச்சிப்பாறை அணை வரை பழைய ஊர்களை மூன்று நாள் சுற்ற வேண்டும். உறவினர் வீடு எதிலும் கால் வைக்கக் கூடாது. சமையல், உறக்கம் எல்லாம் வண்டியிலேயே.

நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறைக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். "இந்தத் தூரத்துக்குப் படுக்கையோடு போவானேன்?" என்று ஆச்சி கேட்டாள். கேட்டுவிட்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். கூடவே வெற்றிலைச் செல்லம், ஒரு குலை மட்டிப்பழம், நான்கு மரச்சீனிக் கிழங்கு, அரிவாள்மணை.

"அரிவாள்மணை எதற்கு ஆச்சி?"

"வீடு என்றுதானே மக்களே சொன்னீர்கள்?"

வண்டிக்குள் அடுப்பு, குளிர்பெட்டி, ஏசி எல்லாம் இருந்தன. அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் கழிப்பறை வைத்தவனைப் பற்றி ஆச்சி சொன்னதை இங்கே எழுத முடியாது.

முதலில் பத்மநாபபுரம் அரண்மனை. மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கும் அரண்மனை அது. திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் போனது திங்கட்கிழமை. மூன்று வாரமாகத் திட்டம் போட்ட அத்தான் கிழமையை மட்டும் பார்க்கவில்லை.

அரண்மனை மூடியிருந்தாலும் கூட்டம் கூடிவிட்டது. கேரவன் என்றால் நம் மக்களுக்கு நடிகர் இளைப்பாறும் வண்டி. டீக்கடையிலிருந்து இருவர் எழுந்து வந்தார்கள். சைக்கிளில் போன பையன்கள் காலை ஊன்றி நின்றார்கள். ஒருவர் அலைபேசியைத் தயாராக உயர்த்திப் பிடித்திருந்தார். கதவு திறந்தது. ஆச்சி இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, வெற்றிலை எச்சில் துப்ப இடம் தேடினாள். அலைபேசி மெல்லக் கீழே இறங்கியது.

அங்கிருந்து பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே மன்னருக்குப் படை பழக்கிக்கொடுத்து, 1777-இல் இறந்து, இந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். கதையைக் கேட்ட ஆச்சி, "அப்படியானால் கடைசி வரைக்கும் ஊருக்குப் போகவே விடவில்லையா?" என்று கல்லறையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். எங்களுக்கும் அதுதான் நடக்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தக்கலைச் சந்தையில் சாளை வாங்கினோம். வண்டியின் சிறிய தொட்டியில் ஆச்சி அதை ஏழு தண்ணீரில் கழுவினாள். மரச்சீனியும் மீன்குழம்பும் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாத்தூர் போய்ச் சேர்ந்தபோது குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.

மாத்தூர் தொட்டிப்பாலம் பறளியாற்றுக்கு மேலே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோக 1966-இல் கட்டியது. உயரம் 115 அடி. கீழே நின்று தூண்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும். அத்தனை பெரிய தொட்டியை மேலே ஏறி எட்டிப்பார்த்தால், அடியில் காய்ந்த பாசியும் சருகும். பிப்ரவரியோடு அணையை அடைத்துவிட்டால் ஜூனில்தான் வழக்கமாகத் திறப்பார்கள். ஆச்சி பாலத்தின் தொட்டியைப் பார்த்தாள், தூரத்தில் நின்ற எங்கள் வண்டியைப் பார்த்தாள்.

"இதற்கும் ஜூன் ஒன்றாம் தேதிதான் தண்ணீர் விடுவார்களா மக்களே?"

தண்ணீர் பிடிக்க வழி தேடியதில்தான் குட்டு உடைந்தது. திருவட்டாறில் பெரியம்மா வீடு. யாருக்கும் சொல்லக் கூடாது என்ற ஏற்பாட்டை மீறி ஆச்சி எப்போதோ அலைபேசியில் சொல்லியிருந்தாள். வண்டி தெரு முனையில் திரும்பும்போதே பெரியம்மா வாசலில் நின்றாள். "வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டுக்கு வராமல் போவீர்களோ?" குளச்சலில் டச்சுக்காரர் சரணடைய எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாரோ, அத்தான் அவ்வளவுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு நாங்கள் எட்டுப் பேர் பெரியம்மா வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். கேரவனில் ஓட்டுநர் படுத்திருந்தார். குளிர்பெட்டியில் பெரியம்மாவின் வருக்கைச் சக்கை, அதாவது பலாப்பழம், படுத்திருந்தது. நடுச்சாமத்தில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் வண்டியின் பின்சக்கரம் முற்றத்துச் செம்மண்ணில் பாதி புதைந்திருந்தது. பலகை வைத்துப் பார்த்தோம், ஓலைமட்டை போட்டுப் பார்த்தோம், அண்டை வீட்டார் ஆறு பேர் தள்ளியும் பார்த்தோம். சக்கரம் சுழன்று அத்தானின் வெள்ளை வேட்டிக்கு வண்ணம் பூசியதோடு சரி. இழுக்க டிராக்டர் மதியத்துக்கு மேல்தான் வருமாம்.

"செவ்வாய்க்கிழமை அரண்மனை திறந்திருக்குமே" என்றாள் ஆச்சி.

தக்கலைக்கு நகரப் பேருந்தில் ஏறினோம். ஆச்சிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மகளிருக்கான கட்டணமில்லா டிக்கெட்டை நடத்துநர் கிழித்துக் கொடுத்தார். அதை நான்காக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்து, முடிச்சை இழுத்துவிட்டு, முன்சீட்டில் இருந்த அத்தானின் தோளைத் தட்டினாள்.

"மாப்பிள்ளை, அந்த வண்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்றீர்கள்?"