மாடல் பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 3

புது வேலை வந்திருக்கிறது. சரிவான மனையில் கட்டப்போகும் ஒரு நூலகத்தின் மாடல், மூன்று தளம், அளவு 1:100. கட்டடக் கலைஞர் வரைபடத்தோடு ஒரு பட்டியலும் கொடுத்தார். வெளிச்சுவரில் செங்கல் தெரிய வேண்டும், தரை மரம் போல இருக்க வேண்டும், கூரைக்கு நிஜ கான்கிரீட். படித்து முடிக்கும்போதே பாதியைக் கழிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது.

கட்டடத்தை நூறில் ஒரு பங்காக்கலாம். அதைச் செய்யும் பொருள் சுருங்காது. இந்தத் தொழிலின் தொல்லையெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பால்சா என்ற லேசான மரப் பலகையில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓடும் ரேகை இந்த அளவில் பத்து சென்டிமீட்டர் பட்டை. அப்படி ஒரு மரத்தரையை யாரும் எங்கேயும் போட்டதில்லை. செங்கல் கதை இதற்கு நேர் எதிர். ஒரு வரிசை, காரைப் பூச்சோடு சேர்த்தாலும், ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் தனித்தனி வரிகள் கரைந்து ஒரே நிறம்தான் மிஞ்சும். அப்படியானால் அந்த நிறத்தை மட்டும் கொடுத்தால் போதாதா?

ஜூன் 4

சுவருக்கு 2 மி.மீ. கிரே போர்டு, அதாவது சாம்பல் நிறக் கெட்டி அட்டை. 20 செ.மீ. சுவருக்கு அப்படியே பொருந்துகிறது. உள் தடுப்புகளுக்கு 1.5 மி.மீ. மவுண்ட் போர்டு.

மாணவர்கள் கொண்டுவரும் மாடல்களில் அடிக்கடி பார்ப்பது 5 மி.மீ. ஃபோம் போர்டு, இரண்டு தாள்களுக்கு நடுவில் ஃபோம் வைத்த பலகை. 1:50 என்றால் அது 25 செ.மீ. சுவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பலகையை 1:100-க்கு எடுத்தால் சுவர் அரை மீட்டர் ஆகிவிடும். ஜன்னலெல்லாம் பீரங்கி வைக்கும் ஓட்டை போல உள்ளே போய்விடும். வடிவமைப்பு கனமாக இருக்கிறது என்று ஆசிரியர் சொல்வார். கனம் பலகையில் இருக்கிறது, பாவம், வடிவமைப்பில் இல்லை.

ஜூன் 7

மனை. வரைபடத்தில் சரிவைக் காட்டும் சம உயரக் கோடுகள் அரை மீட்டர் உயர இடைவெளியில் இருக்கின்றன, அதாவது அடுக்குக்கு 5 மி.மீ. தக்கைத் தாள் எடுத்தேன். அதன் குருணைகள் இந்த அளவில் பெரிய கற்கள்தான். ஆனால் மண்ணுக்கு அது உறுத்தவில்லை. சுருங்காத பொருள் இந்த ஓர் இடத்தில் நமக்குச் சாதகம்.

எல்லா அடுக்கையும் முழுத் தாளாக வெட்ட வேண்டியதில்லை. மேல் அடுக்குக்கு அடியில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் உள்ளே போனால் போதும். நடுவைக் காலியாக விட்டு, அங்கங்கே கட்டைகள் வைத்துத் தாங்கிக்கொள்ளலாம். எடையும் குறையும், தாளும் மிஞ்சும்.

ஜூன் 8

பசை நாள். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கத்து நார் ஊறி விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டை வளைந்துவிடும். பெரிய பரப்பென்றால் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, காயும்வரை மேலே பாரம் ஏற்றிவைப்பேன். கரைப்பான் கலந்த பசைகள் பாலிஸ்டைரீன் ஃபோமைத் தின்றுவிடும். சூப்பர் க்ளூவை, கண்ணாடிக்குப் பதிலாக வைக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக் பக்கமே கொண்டுபோவதில்லை. அதன் ஆவி படிந்து கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகையாகிவிடும்.

ஜூன் 11

வெளிச்சுவர் மூலைகள். இரண்டு துண்டுகளையும் 45 பாகையில் சீவிச் சேர்க்க வேண்டும். கட்டரால் கொஞ்சம் குறைத்தே சீவிவிட்டு, மீதியை ஒரு கட்டையில் சுற்றிய உப்புத்தாளில் தேய்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. கிரே போர்டு மேலும் உள்ளும் ஒரே நிறம் என்பதால் விளிம்பு ஒரு நூல் தவறித் தெரிந்தாலும் கண்ணில் படாது. ஃபோம் போர்டில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே உள்தாளையும் ஃபோமையும் தடிமன் அளவுக்குச் செதுக்கி எடுத்துவிட்டு, வெளித்தாளை மட்டும் மடித்து மூலையை மூட வேண்டும்.

பிளேடு மழுங்கினால் அட்டையை வெட்டாது, கிழிக்கும். ஒரே அழுத்தில் முடிக்க நினைக்காமல் மெல்ல மூன்று, நான்கு முறை இழுத்தால் விளிம்பு சுத்தமாக வரும். பால்சாவை நாருக்குக் குறுக்கே வெட்டும்போது இது இன்னும் முக்கியம். அழுத்தினால் நசுங்கிவிடும்.

ஜூன் 12

படிப்பறையின் நீளக் கண்ணாடிக்கு மட்டும் 1 மி.மீ. அக்ரிலிக். மற்ற ஜன்னல்கள் வெறும் திறப்புகள்தான். வெறும் திறப்பையே கண் கண்ணாடியாக எடுத்துக்கொள்கிறது.

கூட வேலை செய்யும் தம்பி ஒரு தெளிவான தாளைக் கொண்டுவந்து, "அண்ணே, இதையும் லேசர்ல வெட்டிடலாமா?" என்றான். என்ன பிளாஸ்டிக் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத தாள் லேசருக்குள் போகவே கூடாது. பி.வி.சி.யாக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். அந்தத் தாளைக் கட்டரால் கீறி உடைத்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவைத்தேன். லேசரில் வெட்டிய அக்ரிலிக்கை ஆல்கஹால் வைத்துத் துடைக்கக் கூடாது. வெட்டிய சூட்டில் விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் மயிரிழை விரிசல்கள் உள்ளே ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஜூன் 15

கட்டடக் கலைஞர் வந்தார். கான்கிரீட் கூரை ஆசை இன்னும் போகவில்லை. சின்ன அச்சில் வார்த்த துண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அந்தக் காற்றுக்குமிழைப் பாருங்க சார். ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். உங்க கூரையில அது இருபது சென்டிமீட்டர் பள்ளம்."

சிரித்துவிட்டார். கூரையும் கிரே போர்டுதான். மரத்தரையும் பட்டியலிலிருந்து போனது. படிப்பறை மேசைகளுக்கு மட்டும் ரேகை அதிகம் தெரியாத பாஸ்வுட் கேட்டார். சரி என்றேன். ஒரே சாம்பல் நிறத்துக்கு நடுவில் அந்த மரம் கண்ணை அங்கே இழுக்கும். கட்டடமே அந்த அறைக்காகத்தான் கட்டப்போகிறார்கள்.

ஜூன் 16

பாஸ்வுட் வரவில்லை, கைக்கு வேலையில்லை. பழைய மாடல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 15-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி வண்ணம் பூசிய மாடல்களைக் கண்டித்திருக்கிறார். மாடல் எளிமையாக, வெறுமையாக இருந்தால்தான் வடிவமைத்தவரின் எண்ணத்தைப் பார்க்க முடியும், இல்லையென்றால் மாடல் செய்தவரின் கைவண்ணத்தில் மயங்கிவிடுவோம் என்பது அவர் வாதம். மாடல் செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் வலிக்கிறது, ஆனாலும் ஆள் சொன்னது சரி.

ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கௌடி, பார்சிலோனாவுக்கு அருகிலுள்ள கொலோனியா குவெல் தேவாலயத்துக்கு நூல்களைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னப் பைகளைக் கட்டி, 1:10 அளவில் ஒரு மாடல் செய்தார். தொங்கும் நூலில் இழுவிசை மட்டுமே இருக்கும். படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் அதே வளைவு அமுக்குவிசை மட்டும் தாங்கும் வில்லாகிறது. அந்த வளைவின் வடிவம் அளவை மாற்றினாலும் மாறாது. அதனால்தான் அது வேலை செய்தது. அட்டை மாடலுக்கு அந்த யோகம் கிடையாது. நீள அகல உயரத்தைப் பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்கு ஏறும், தூணின் குறுக்குவெட்டு நூறு மடங்குதான் ஏறும். என் மேசையில் ஒரு கூரை நிற்பதை வைத்து மனையிலும் நிற்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

ஜூன் 20

மேசைகள் பொருத்தியாயிற்று. மனிதர்கள் 17 மி.மீ. உயரம், முகமில்லாத அட்டை வெட்டுகள். மரங்களுக்கு முறுக்கிய மின்கம்பி இழைகள், இலை வைக்கவில்லை. கடையில் கிடைக்கும் பச்சைப் பஞ்சு மரத்தை ஒட்டினால் மொத்தமும் பொம்மைக் கடையாகிவிடும்.

வாங்கிப் போக வந்தவர் அடுத்த வேலையையும் கொடுத்துவிட்டார். சுற்றுப்புறத்தோடு இதே கட்டடம், 1:500-இல். இங்கே இரண்டு மில்லிமீட்டராக இருந்த சுவர் அங்கே 0.4. அதைச் சுவராகச் செய்வதில் அர்த்தமில்லை. கட்டடம் ஒவ்வொன்றும் ஒரு திடக்கட்டி, அவ்வளவுதான். அக்கம்பக்கத்துக் கட்டடங்களை நீல ஃபோமில் சூட்டுக்கம்பியால் அறுக்கப்போகிறேன், நூலகம் மட்டும் பாஸ்வுட். அறுக்கும்போது வரும் புகை நல்லதல்ல. ஜன்னல் பக்கத்து மேசையைக் காலி செய்யச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.