720720ஐ முழுசாக உடைத்துவிட்டு எண்ணுங்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முடிவைப் பார்த்தவர்களுக்கு 1.5 மதிப்பெண்ணின் எடை தெரியும். ஒரு கேள்வி போனால் தரவரிசையில் எங்கோ பின்னால் போய்விடுகிறோம். திறனறிவில் உள்ள 25 கேள்விகளில் பெரிய எண்ணைக் கண்டதும் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். தாண்டாதீர்கள். எண்ணை அரைகுறையாக உடைப்பதுதான் இங்கே தப்பு, சூத்திரம் தெரியாதது அல்ல.

720720ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று இலக்கம் அப்படியே திரும்ப வந்தால் உள்ளே 1001 இருக்கிறது. 720 × 1001. இரண்டால் வகு, மூன்றால் வகு என்று இறங்கவே வேண்டாம். 1001 பகா எண் இல்லை, 7 × 11 × 13. ஆகவே:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இந்த ஒரு வரியை ஓரத்தில் எழுதிவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வரும்.

- மொத்தக் காரணிகள்: ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க, 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.
- ஒற்றைக் காரணிகள்: 2ஐ விட்டுவிட்டால் 48. இரட்டை 192.
- முழு வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச் சிறிய எண்: ஒற்றை அடுக்கில் நிற்பவை மட்டும், 5 × 7 × 11 × 13 = 5005.
- காரணிகளின் கூடுதல்: ஒவ்வொரு பகா எண்ணுக்கும் 1 முதல் அதன் அடுக்கு வரை கூட்டி (2க்கு 1 + 2 + 4 + 8 + 16 = 31, 3க்கு 1 + 3 + 9 = 13, 5க்கு 1 + 5 = 6) பெருக்க, 31 × 13 × 6 × 8 × 12 × 14 = 32,49,792. விடைகளின் கடைசி இலக்கம் வேறு வேறாக இருந்தால் முழுசாகப் பெருக்காதீர்கள். கடைசி இலக்கங்களை மட்டும் பெருக்கினாலே 2 வந்துவிடும்.

இனி, நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது. 720க்கு 30 காரணிகள், 1001க்கு 8, பெருக்கினால் 240. விடை சரி. இதையே குறுக்குவழியாகப் பிடித்துக்கொண்டு 770770க்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். 770க்கு 16, எனவே 16 × 8 = 128 என்று வரும். தவறு. 770க்குள்ளும் 7, 11 இருக்கின்றன, 1001க்குள்ளும் இருக்கின்றன. சேர்த்து எழுதினால் 2 × 5 × 7² × 11² × 13. காரணிகள் 2 × 2 × 3 × 3 × 2 = 72. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களுக்கு மட்டுமே அந்தப் பெருக்கல் செல்லும். ஒரே பகா எண் இரண்டு இடத்தில் வந்தால் முதலில் அடுக்கைக் கூட்டுங்கள், பிறகு எண்ணுங்கள்.

மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கேள்வியிலும் இதே எண் வரலாம். 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 720720தான். 15 வரை என்றால் 360360 போதும். 16க்கு இன்னொரு 2 தேவை. அதை விட்டுவிட்டு 360360ஐக் குறித்துவிடாதீர்கள். 2 முதல் 16 வரை எதால் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும் என்றால், 1ஐ விடப் பெரியவற்றில் முதலாவது 720721.

7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனை: வலப்பக்க மூன்று இலக்கத்துக்கும் இடப்பக்க மூன்று இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 720951 என்றால் 951 − 720 = 231 = 3 × 7 × 11. ஆகவே 7, 11 இரண்டாலும் வகுபடும், 13ஆல் வகுபடாது.