கயிற்றை விடு

உச்சிப்புளி பக்கம் இருக்கிறவர்களுக்கு விமானச் சத்தம் புதிதில்லை. 2009-ல் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம் வந்ததிலிருந்து தலைக்கு மேலே ஏதாவது ஒன்று போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்த்தே வளர்ந்த அக்கா மகன் இப்போது பிளஸ் டூ, பைலட் ஆகப்போகிறேன் என்று நிற்கிறான். அக்கா ஒரு பக்கம் அழுகிறாள். அவனுக்குச் சொல்வதற்காக நான் பழைய விமானக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன், ஒரு மாதமாக வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

முதல் உலகப்போர். 1914 ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் போருக்குள் போகிறது. நம்ம பாம்பன் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆகஸ்ட் 12-ம் தேதி, இங்கிலாந்தில் நெதராவன் என்ற இடத்திலிருந்து பிரான்சுக்குப் போகும் வழியில் டோவருக்குக் கிளம்பிய ஒரு பிளேரியோ விமானம், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்தது. ஓட்டியவர் ஸ்கீன், கூட இருந்தவர் பார்லோ என்ற மெக்கானிக். இரண்டு பேரும் செத்துப்போனார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் முதல் சாவு இதுதான், எதிரி கண்ணில் படவே இல்லை. அதற்கப்புறம் நாலு வருஷம், பயிற்சித் திடல்களில் விழுந்து செத்த பையன்கள் கொஞ்சநஞ்சமில்லை. பாராசூட் கிடையாது. பலூனில் இருந்து வேவு பார்த்தவர்களுக்குக் கொடுத்தார்கள், விமானம் ஓட்டினவர்களுக்குக் கொடுக்கவில்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

ஏன் விழுந்தார்கள்? எஞ்சின் நிற்கும், இறக்கை ஒடியும், அதெல்லாம் சரி. ஆனால் நிறையப் பேரைக் கொன்றது ஸ்பின். வேகம் குறைந்த நேரத்தில் மூக்கைத் தூக்கினால் இறக்கை காற்றைப் பிடிக்காது, ஒரு பக்க இறக்கை முதலில் சரியும், விமானம் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே கீழே வரும். முகத்துக்கு நேரே தரை சுற்றுகிறது, அந்த நேரத்தில் எந்த மனுஷனும் ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்து மூக்கைத் தூக்கத்தான் பார்ப்பான். இழுக்க இழுக்க ஸ்பின் விடாது. சுழல்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுக்கானைக் கொடுத்து, ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும், அதாவது தரையைப் பார்த்து விழும்போது இன்னும் தரையைப் பார்த்தே தள்ள வேண்டும். 1912 ஆகஸ்டிலேயே பார்க் என்ற கடற்படை அதிகாரி, சாலிஸ்பரி சமவெளியில் ஆவ்ரோ விமானத்தில் சுற்றிக்கொண்டே வந்து, எல்லாம் செய்து பார்த்து, கடைசியில் சுக்கானை எதிர்ப்பக்கம் போட்டு, தரைக்கு 50 அடி இருக்கும்போது தப்பித்தார். அன்றைக்கே அதைப் பேசினார்கள், எழுதினார்கள். ஆனாலும் போர் வந்தபோது பள்ளிப் பருவம் தாண்டாத பையன்களை, இது எதையும் கையில் பழக்காமல், சில மணி நேரம் பறக்கவிட்டு, போ தனியாக என்று அனுப்பினார்கள்.

இங்கேதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. பத்து வயதில் ஆற்றங்கரை என்ற ஊரிலிருந்து கடலுக்கு வத்தையில், அதாவது பாய்மரப் படகில், கூட்டிப்போவார். ஆடி மாதம், கச்சான் காற்று கரையிலிருந்து விட்டு விட்டு அடிக்கும். பாய்க்கயிறு என் கையில். திடீரென்று ஒரு அடி அடித்தால் வத்தை சாயும், தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கும், நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன், உள்ளங்கை தோல் உரியும். "கயித்தை விடுடா, விடு!" விட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு காற்றைக் கொட்டிவிடும், வத்தை நிமிரும். இது தெரியாமல் கையை இறுக்கியவர்கள் எங்கள் கடலில் இருக்கிறார்கள். அப்பா என்ன செய்தார் என்றால், கரைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில், வேண்டுமென்றே வத்தையைச் சாயவைத்து, என்னை விடவைத்து, மறுபடி சாயவைத்து, அன்றைக்கு முழுக்க அதே வேலை.

ஸ்மித்-பாரி என்ற பிரிட்டிஷ் விமானி செய்ததும் இதேதான். 1914 ஆகஸ்ட் 18-ல் பிரான்சில் அவர் ஓட்டிய விமானம் விழுந்து, கூட வந்தவர் செத்தார், இவருக்கு இரண்டு காலும் முறிந்தது. பிறகு ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியபோது, ஓட்டவே தெரியாத பையன்களை அனுப்புகிறீர்களே என்று மேலிடத்தோடு சண்டை போட்டார். சரி, நீயே சொல்லிக்கொடு என்று 1917-ல் இங்கிலாந்தில் கோஸ்போர்ட் பயிற்சித் திடலை அவர் கையில் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஓட்டக்கூடிய ஆவ்ரோ விமானம், எஞ்சின் இரைச்சலில் வாத்தியார் பேசுவது பையன் காதில் விழ ஒரு குழாய். ஆபத்திலிருந்து பையனைத் தள்ளி வைக்காமல் அதற்குள்ளேயே கூட்டிப்போனார், வேண்டுமென்றே ஸ்பின்னில் விட்டு, வெளியே வரவைத்து, மறுபடி விட்டு. அதற்கு முன்னால் ஒரு மாணவனின் தோளைத் தட்டியும் கத்தியும்தான் வானத்தில் பாடம் நடந்தது என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் குழாய் மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் எத்தனை வீட்டில் பிள்ளை திரும்பியிருப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாமா, பயத்துல கை இழுக்கத்தானே பார்க்கும்?" என்று கேட்டான். ஆமாம், அதனால்தான் பழக வேண்டும் என்றேன். திண்ணையில் வலைக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கடைசியில் ஊசியை நிறுத்திவிட்டு, அந்த முதல் விமானத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக் பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார்.

பார்லோ என்றேன்.

"பார்லோ" என்று ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துவிட்டு மறுபடி வலையை எடுத்தார்.