நியூ ஜெர்சியில் மஞ்சள் இசைத்தட்டுகளைத் தேடி

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் ஓக் ட்ரீ சாலைக்குப் போகாத தமிழர்கள் குறைவு. மளிகை, நகை, புடவை எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் மென்லோ பார்க் வந்துவிடும். 1877-இல் தாமஸ் எடிசன் வெள்ளீயத் தாளில் தன் குரலைப் பதிந்து, அதைத் திரும்பக் கேட்ட இடம் அது. அப்போது அவர் சொன்னது மேரியின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய குழந்தைப் பாட்டு.

அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அங்கே போனேன். உச்சியில் ராட்சத பல்பு வைத்த நினைவுக் கோபுரமும், பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருக்கின்றன. பழைய ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியதை ஹென்றி ஃபோர்டு பெயர்த்துக்கொண்டு போய் மிச்சிகனில் மறுபடி கட்டிவிட்டார். எடிசன் வேலை செய்த கட்டடங்களை நேரில் பார்க்க வேண்டுமானால் வெஸ்ட் ஆரஞ்சுக்குப் போக வேண்டும். 1887-இல் எழுந்த செங்கல் ஆய்வுக்கூடம் இன்று தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே போனபோதுதான் எடிசனின் பேசும் பொம்மையின் கதை எனக்குத் தெரிந்தது.

பொம்மையின் உயரம் 22 அங்குலம். பீங்கான் தலை, மரக் கை கால், உலோக உடம்பு. உடம்புக்குள் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியான ஃபோனோகிராஃபின் குட்டி வடிவம், முதுகில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் பொம்மை பாட்டுச் சொல்லும். அன்று ஒலி பதிந்த மெழுகு உருளையைப் பிரதி எடுக்க வழி இல்லை. அதனால் வேலைக்கு அமர்த்திய பெண்கள் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகப் பாட்டைச் சொல்லிப் பதிந்தார்கள். 1890-இல் கடைக்கு வந்த பொம்மை சில வாரங்களிலேயே நின்றுபோனது. மெழுகு சீக்கிரம் தேய்ந்தது. குழந்தையின் கையால் ஒரே சீராகச் சுற்றுவதும் லேசான காரியம் இல்லை.

இந்தப் பொம்மைக்காக 1888-இல் செய்து பார்த்த, ஒலி பதிந்த ஒரு தகர வளையமும் தப்பிப் பிழைத்திருக்கிறது. நெளிந்து போனதால் அதில் ஊசியை வைக்கவே முடியாது. 2011-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் அதைத் தொடாமல், ஒளியால் அதன் மேடு பள்ளங்களை அளந்து, கணினியில் ஒலியாக மாற்றினார்கள். தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் யாரும் இலவசமாகக் கேட்கலாம். வாகன நிறுத்தத்திலேயே ஃபோனில் போட்டேன். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் கீச்சுக்குரலில் 'ட்விங்கிள் ட்விங்கிள்' சொல்கிறாள். "சித்தி, யாரு இது? பயமா இருக்கு" என்று அக்கா மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருத்தி, முகம் தெரியாத குழந்தைக்காக, இயந்திரத்தின் முன் நின்று கத்தியிருக்கிறாள்.

ஒலிப்பதிவில் புதிதாக எது வந்தாலும் குழந்தைகளின் கைக்கு அது சீக்கிரமே போய்ச் சேர்ந்திருக்கிறது. கிராமஃபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் வட்டத் தட்டுகள் 1889-இல் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே ஜெர்மனியில், ஒரு பொம்மை நிறுவனத்தின் தயாரிப்பாகத்தான். 1917-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் குட்டித் தட்டுகளைப் பக்கங்களுக்கு நடுவே செருகிய 'பபிள் புக்ஸ்' என்ற குழந்தைப் புத்தகங்கள் வந்தன. படித்துக்கொண்டே கேட்கலாம். 1949-இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டுகளை இசை வகைக்கு ஒரு நிறமாக வெளியிட்டபோது, குழந்தைகளுக்கு மஞ்சளைக் கொடுத்தது.

மஞ்சள் தட்டு ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று லாம்பர்ட்வில்லுக்குப் போனோம். டெலவேர் ஆற்றை ஒட்டிய ஊர். ஊருக்கு வெளியே கோல்டன் நக்கெட் என்ற பழம்பொருள் சந்தை கூடுகிறது. திறந்தவெளியில் மேசை மேசையாகப் பழைய சாமான்கள். ஒரு அட்டைப்பெட்டி நிறைய குழந்தை இசைத்தட்டுகள் கிடைத்தன. 1948-இல் 25 சென்ட்டுக்கு வந்த லிட்டில் கோல்டன் தட்டுகள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. நல்ல எலுமிச்சை மஞ்சள். இதே மாநிலத்தின் நூவர்க் நகரில் அச்சான பீட்டர் பான் தட்டுகளும் இருந்தன. பல உறைகளில் கிரேயானில் பிள்ளைகளின் பெயர், சிலவற்றில் ஜாம் கறை. பெரியவர்களின் ஜாஸ் தட்டுகளைப் பளபளவென்று வைத்து விற்கும் மேசைகளுக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டி தரையில் கிடந்தது. கீறல் விழுந்தால் விலை போகாது என்கிறார்கள். ஒரு பிள்ளை நூறு முறை போட்டுக் கேட்ட தட்டில் கீறல் விழாமல் எப்படி இருக்கும்?

அப்புறம் ரெட் ரேவன் தட்டு. 1956-இல் வந்தது. அதைப் பற்றி எனக்கு முன்பே எதுவும் தெரியாது. தட்டின் நடுவில் பெரிய லேபிள். அதில் 16 படங்கள் வட்டமாக அச்சிட்டிருக்கின்றன. தட்டின் நடுவே 16 சின்னக் கண்ணாடிகள் கொண்ட ஒரு கூண்டை நிறுத்த வேண்டும். விற்றவர் தன் பிளேயரில் போட்டுக் காட்டினார். பாட்டு ஓட, கண்ணாடிக்குள் படங்கள் உயிர் பெற்று ஆடுகின்றன! திரையும் விளக்கும் இல்லாத சினிமா. ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு படத்தைக் கணநேரம் காட்டுகிறது, கண் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று, சுற்றுக்கு 16 படம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 21 படம். சினிமாவுக்கு 24. இதன் மூலக் கருவியை பிரான்சில் எமில் ரெய்னோ உருவாக்கியதும் அதே 1877-இல்தான். அக்கா மகள் குனிந்தவள் நிமிரவே இல்லை. "இன்னொரு தடவை சித்தி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பப் போட்டார்.

இந்தத் தட்டுகளை இன்னும் நிறையப் பேர் தேடிப்போய் வாங்க வேண்டும், கேட்க வேண்டும், ஒலியைக் கணினியில் ஏற்றி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. மலிவாக, பிள்ளைகளுக்காகச் செய்ததாலேயே இவற்றைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். சந்தை புதன், சனி, ஞாயிறு மட்டும்தான். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பாதிப் பேர் மூட்டை கட்டிவிடுவார்கள். வெஸ்ட் ஆரஞ்சு எல்லா நாளும் திறந்திருக்காது, இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு வாங்கினால் அதற்கென்று உள்ள தடித்த ஊசியையும் சேர்த்து வாங்குங்கள். பின்னாளில் வந்த நீளப் பாட்டுத் தட்டுகளுக்கான எல்பி ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.