ரைமன் அரங்கில் ஜேசன் இஸ்பெல்: வீல்சேர் இடத்துக்கு டிக்கெட் எடுத்த அனுபவம்

அமெரிக்கப் பாடகர் ஜேசன் இஸ்பெல்லின் அக்டோபர் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரில் இருக்கும் ரைமன் அரங்கின் கீழ்த்தளத்தில் என் வீல்சேருக்கு ஓர் இடம், ஒட்டினாற்போல் மனைவிக்கும் மகளுக்கும் இரண்டு இருக்கைகள். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் வீல்சேரில் வாழ்பவர்களும், நடக்கச் சிரமப்படும் அப்பா அம்மாவை அழைத்துப்போக நினைப்பவர்களும் இந்த டிக்கெட்டை எப்படி எடுப்பது என்று தெரியாமலே ஆசையை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இவர் பாட்டைக் கேட்க ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பீர்கள். நான் இருப்பது அலபாமாவில், ஹன்ட்ஸ்வில்லில். இஸ்பெல் 1979இல் பிறந்த கிரீன் ஹில்லும் இதே வட அலபாமாதான். சோல் (கறுப்பின மக்களின் இசை வகை) பாடும் பெரிய பாடகர்கள் தேடிவந்து ஒலிப்பதிவு செய்த மசில் ஷோல்ஸ் அங்கிருந்து பக்கம். இஸ்பெல்லின் தாத்தா பெந்தெகொஸ்தே சபை ஊழியர். கிட்டார் வீட்டிலேயே கைவந்தது. 22 வயதில் டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் இசைக் குழுவில் சேர்ந்தார், 2007இல் வெளியே வந்தார். குடி அவரை மோசமாகப் பிடித்திருந்தது. 2012இல் சிகிச்சைக்குப் போய் அதிலிருந்து மீண்டார். அடுத்த ஆண்டே 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பம் வந்தது.

அந்த ஆல்பத்தில் 'எலிஃபன்ட்' என்று ஒரு பாட்டு. புற்றுநோயால் செத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணும் அவள் நண்பனும் மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவளைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. அவள் கிண்டலடிக்கிறாள், குடிக்கிறாள், பாடுகிறாள். சிறு வயதில் போலியோ வந்ததிலிருந்து ஊரார் பரிதாபத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நோயாளியை முழு மனுஷியாக நிறுத்திவைத்த அந்தப் பாட்டைக் கேட்ட அன்று இவர் எனக்கு வேண்டப்பட்டவர் ஆகிவிட்டார். சிறந்த அமெரிக்கானா (அமெரிக்க நாட்டுப்புற வேர்களிலிருந்து வந்த இசை) ஆல்பத்துக்கான கிராமி விருது 2016, 2018, 2024 என்று மூன்று முறை இவருக்கு வந்திருக்கிறது. 2025இல் பக்கத்தில் வேறு யாரும் வாசிக்காமல், ஒற்றை கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆல்பம் போட்டார். எனக்கு இன்றைக்கும் 'சவுத்ஈஸ்டர்ன்'தான் முதலில்.

அக்டோபரில் ரைமனில் பல இரவுகள் தொடர்ந்து பாடுவது இவர் வழக்கம். 1892இல் பிரார்த்தனைக் கூடமாக எழுந்த கட்டடம் அது. 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது. இப்போதும் தேவாலயத்தில் இருப்பது போன்ற நீள மரப் பெஞ்சுகள்தான் இருக்கைகள். மொத்தமே 2,362 பேர். அதனால் டிக்கெட் நிற்காது.

முதல் வேலை, பாடகரின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்வது. பொது விற்பனைக்கு முன்னால் வரும் முன்விற்பனைக்கான குறியீடு அதில்தான் வந்தது. வீல்சேர் இடங்களைக் கடைசியில்தான் விற்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மற்ற டிக்கெட்டுகள் எப்போது, எந்த வழியில் விற்கப்படுகின்றனவோ, அப்போதே அதே வழியில் இவையும் விற்கப்பட வேண்டும். முன்விற்பனையும் அதில் அடக்கம். அதே பகுதியில் மற்றவர் கொடுக்கும் விலையைவிட ஒரு காசு கூடக் கேட்கக் கூடாது.

விற்பனை தொடங்கி, ஆன்லைன் வரிசையில் காத்திருந்து உள்ளே போனால் வரைபடத்தில் வீல்சேர் இடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பல டிக்கெட் தளங்களில் தேடலைச் சுருக்கும் வடிகட்டியை (ஃபில்டர்) திறந்து சக்கர நாற்காலிக் குறியைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த இடங்கள் தெரியும். அப்படித் தேடியும் சனிக்கிழமை இரவுக்கு எதுவும் இல்லை. உடனே போனை எடுத்து அரங்கின் டிக்கெட் கவுன்டரை அழைத்தேன். எடுத்த பெண்மணி பொறுமையாக ஒவ்வொரு இரவாகப் பார்த்து, வார நாள் ஒன்றில் இடம் இருப்பதாகச் சொன்னார்.

எத்தனை பேர் என்று கேட்டார். இங்கே ஒரு விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரு வீல்சேர் இடத்தோடு, அடுத்தடுத்து மூன்று இருக்கைகள் வரை வாங்கலாம், காலியாக இருந்தால். துணைக்கு ஒருவர் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் பணிந்துபோக வேண்டாம். மகள் தனியாக வேறு வரிசையில் உட்கார்வதில் எனக்குச் சம்மதமில்லை, மூன்று டிக்கெட் என்றேன். சரி என்று போட்டுக்கொடுத்தார். வீல்சேர் பயன்படுத்துபவருக்குத்தானா என்று மட்டும் கேட்டார், ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், வேறு ஒரு கச்சேரிக்கு டிக்கெட் விற்றவர்கள் என்னிடம் டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. டிக்கெட் வாங்குபவரின் வாய்வார்த்தை போதும். அன்று நான் விதியை எடுத்துச் சொல்லி, மேலாளர் வரை பேசித்தான் வாங்கினேன். போன் வைத்தபிறகும் கோபம் அடங்கவில்லை. நடக்கிறவர் யாரிடமும் இப்படி அத்தாட்சி கேட்பார்களா?

மறுவிற்பனையில் சாதாரண டிக்கெட்தான் கிடைத்தது என்றாலும் கவலைப்பட வேண்டாம். அரங்கில் அதற்கு இணையான வீல்சேர் இடம் காலியாக இருந்தால் மாற்றிக்கொடுக்க வேண்டும் என்பதும் விதி. நாளாகிவிட்டால் காலி இடம் இருக்காது, வாங்கிய கையோடு அரங்கைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். மற்ற டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டால், மிச்சமிருக்கும் வீல்சேர் இடங்களைப் பொதுவில் விற்க அவர்களுக்கு அனுமதி உண்டு.

அப்புறம், கேட்காமல் எதையும் நம்பிப் போகாதீர்கள். எந்த வாசல் வழியாக வர வேண்டும், லிஃப்ட், கழிப்பறை எங்கே, முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால் மேடை தெரியுமா என்பதை எல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொண்டேன். நாஷ்வில் நகர மையத்தில் கச்சேரி இரவுகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அரங்குக்குப் பக்கத்திலேயே, வேனின் சாய்தளத்தை இறக்கும் அளவுக்குப் பக்கவாட்டு இடம் உள்ள நிறுத்தம் ஒன்றை இப்போதே பதிவுசெய்துவிட்டேன்.

இடமே இல்லை என்று முதல்முறை சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். மேடை அமைப்பு முடிவானதும், ஒதுக்கிவைத்த இடங்களைச் சில அரங்குகள் கடைசி நேரத்தில் விற்பனைக்கு விடுவதுண்டு. கச்சேரிக்கு முந்தின வாரம் ஒரு போன், கச்சேரி அன்று காலை இன்னொரு போன்.