தீப்பெட்டி அளவு ஆமையை வாங்கும் முன்

வண்ணமீன் கடைத் தொட்டியில் பச்சை ஓடும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையுமாக நீந்துவது ரெட் இயர்டு ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. இன்று தீப்பெட்டி அளவில் இருக்கும் குட்டி, பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 ஆண்டுகள் வாழும். இதற்குத் தயாராக இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். நட்சத்திர ஆமை, பாலாமை இரண்டையும் நினைக்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

வாங்கும்போது கண்கள் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கையில் எடுத்தால் காலை உதற வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கிறது, மூக்கில் குமிழி வருகிறது என்றால் நுரையீரலில் தொற்று இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

கடைகளில் ஆமைக்கென விற்கும், பொம்மைப் பனைமரம் வைத்த பிளாஸ்டிக் கிண்ணம் ஆமைக்கு வீடே அல்ல. ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. மீனைவிட இது பல மடங்கு அசுத்தம் செய்யும். அதனால் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கான ஃபில்டர் போடுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றவும். அடியில் சிறு கூழாங்கல் போடக் கூடாது. விழுங்கினால் குடலை அடைக்கும்.

பெரும்பாலான ஆமைகள் கெடுவது வெயில் இல்லாமல்தான். உடல் முழுக்க உலரும்படி ஏறி உட்கார ஒரு மேடை வேண்டும். அதன் மேல் 30 முதல் 35 டிகிரி வெப்பம், கூடவே யுவிபி (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்) தரும் விளக்கு, நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம். யுவிபி இல்லாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. தின்ற கால்சியம் சேராது. ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது, யுவிபியைக் கண்ணாடி தடுத்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யுவிபி குறைந்துகொண்டே வரும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றிவிடுங்கள். பால்கனியில் காலை வெயில் காட்டலாம், ஆனால் பாதி இடத்தில் நிழல் இருக்க வேண்டும். ஆழமில்லாத தொட்டியை நேர் வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போனால், தண்ணீர் சூடேறி ஆமை செத்துப்போகும்.

தண்ணீர் 24 முதல் 28 டிகிரி இருக்கட்டும். சென்னையில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது, ஊட்டியில் கட்டாயம் வேண்டும்.

கடையில் தரும் காய்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்ப்பது பெரிய தவறு. வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும்; பார்வை மறைவதால் தின்பதையும் நிறுத்திவிடும். குட்டிக்குத் தினமும் அதன் தலையளவு ஆமைத் தீவனம் போதும். வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று நாள் தீவனம், மற்றபடி அசோலா, ஆகாயத்தாமரை இலை, துருவிய கேரட். பாலக்கீரையைக் குறையுங்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்துக்காகக் கணவாய் ஓடு ஒரு துண்டு எப்போதும் மிதக்கட்டும்.

தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஆமையிடம் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975இல் தடை செய்தார்கள்.

வளர்க்க முடியாமல் போனாலும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அங்குள்ள நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பறித்துக்கொள்ளும். பெரிய தொட்டி வைத்து வளர்ப்பவரைத் தேடிக் கொடுங்கள், கிடைக்கும்வரை நீங்களே வைத்திருங்கள்.